இந்திச் சொற்பட்டியலில் ஒரே சொல் இரண்டு முறை நிற்கிறது: உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். தில்லியில் தமிழ் கற்கும் நண்பர்களுக்காக இந்தி–தமிழ்ச் சொற்பட்டியல் தொகுத்து வருகிறேன். பாதியை நான் தட்டச்சு செய்தேன், மீதியை உடன் பணிபுரியும் அக்கா செய்தார். இரண்டையும் பைத்தான் நிரல்மொழியில் சேர்த்து, திரும்ப வரும் சொற்களை நீக்கினேன். ஆனாலும் 'படா' (பெரிய) என்ற சொல் இரண்டு இடங்களில் நிற்கிறது. 'பேட்' (மரம்), 'சடக்' (சாலை) ஆகியவையும் அப்படித்தான். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், ஒரு கோடுகூட மாறவில்லை. நீளத்தைக் கேட்டால் மட்டும் ஒரு 'படா'வுக்கு 3 என்கிறது, இன்னொன்றுக்கு 4 என்கிறது. மூன்று இரவுகளாக மல்லாடுகிறேன்.

மறுமொழி – 1:
எழுத்துருவை மாற்றிப் பாருங்கள். அக்கா பழைய கிருதிதேவ் எழுத்துருவில் அடித்திருக்கலாம்.

மறுமொழி – 2:
கிருதிதேவாக இருந்தால் வேறு எழுத்துருவுக்கு மாற்றியதுமே ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறியிருக்கும். இது ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோட் முறைதான். 'ஆர்டு' கட்டளையால் இரண்டு 'படா'வையும் எழுத்தெழுத்தாக எண்ணாக்கி இங்கே இடுங்கள்.

கேட்டவர்:
என்னுடையது: 2348, 2396, 2366.
அக்காவுடையது: 2348, 2337, 2364, 2366.

மறுமொழி – 2:
நடுவில் இருப்பதைப் பாருங்கள். 2337 என்பது வெறும் 'ட', 2364 என்பது அதன் அடியில் வைக்கும் நுக்தா என்ற புள்ளி. 2396 என்பது புள்ளியோடு சேர்ந்த அதே எழுத்து, ஒரே எண்ணாக. இரண்டுமே முறையான யூனிகோட்தான், உங்கள் இருவர் மீதும் தவறில்லை. சில விசைப்பலகைகள் ஒன்றாகத் தருகின்றன, சில இரண்டாகத் தருகின்றன. 2392 முதல் 2399 வரை இப்படி 8 எழுத்துகள் உண்டு.

ஒப்பிடும் முன் இரண்டு கோப்புகளையும் என்எஃப்சி வடிவத்துக்கு (ஒரே எழுத்தை எப்படி அடித்திருந்தாலும் ஒரே எண் வரிசையாக்கும் யூனிகோட் வடிவம்) மாற்றுங்கள். பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' தொகுதியில் 'நார்மலைஸ்' என்று இருக்கிறது.

ஒன்று மனத்தில் இருக்கட்டும். நம் 'கொ'வை ககரத்தோடு 3014, 3006 என்று கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்தாலும், என்எஃப்சி அந்த இரண்டையும் 3018 என்ற ஒரே குறியாகச் சேர்த்துவிடும். இந்தியின் அந்த 8 எழுத்துகளிலோ நேர்மாறாக, சேர்ந்திருப்பதைப் பிரித்துவிடும். அவை யூனிகோடின் சேர்க்கை விலக்குப் பட்டியலில், அதாவது ஒன்றாகச் சேர்க்கக் கூடாதவற்றின் பட்டியலில், இருக்கின்றன. ஆகவே நீளம் 3 ஆகக் குறையும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு 'படா'வும் 4 ஆகும்.

உங்கள் பட்டியலில் தமிழ்ப் பெயர்களும் வருமென்றால் இதையும் கவனியுங்கள்: நம் ழகரத்தை எழுதத் தேவநாகரியில் 2356 என்று தனி எழுத்து இருக்கிறது. அதற்கும் புள்ளி உண்டு, ஆனால் அது விலக்குப் பட்டியலில் இல்லை. 2355, 2364 என்று பிரித்து அடித்திருந்தால் சேர்ந்துவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி! 'படா', 'பேட்', 'சடக்' எல்லாம் ஒன்றாகிவிட்டன. 'தும்ஹாரா' (உன்னுடைய) மட்டும் இன்னும் இரண்டாக நிற்கிறது. அதில் நுக்தாவே இல்லையே! ஒன்றின் நீளம் 8, மற்றதன் நீளம் 9. கூடுதலாக இருக்கும் எண் 8205.

மறுமொழி – 3:
அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி, அகலமே இல்லாதது. மெய்யை அரை வடிவில் காட்டச் சொல்வதற்காக இருப்பது. 'ம்ஹ' எப்படியும் அரை வடிவில்தான் வரும் என்பதால் இந்தச் சொல்லில் அது இருந்தும் வித்தியாசம் தெரியவில்லை. என்எஃப்சி அதைத் தொடாது, நீங்கள்தான் நீக்க வேண்டும். ஆனால் மூலப் பட்டியலில் கை வைக்காதீர்கள். 'சிக்ஷா' போன்ற சொல்லில் 'க்ஷ' கூட்டெழுத்தாகாமல், அரைக் ககரமும் ஷகரமுமாகத் தெரிய வேண்டும் என்று விரும்பியே சிலர் அதை இடுகிறார்கள். தேடுவதற்கென்று தனிப் பத்தி (நெடுவரிசை) ஒன்று வைத்து, அதில் மட்டும் 8205, அதைப் போலவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புத் தடைக் குறியான 8204 இரண்டையும் நீக்குங்கள்.

கேட்டவர்:
தனிப் பத்தி வைத்தேன், 'தும்ஹாரா' ஒன்றாகிவிட்டது. அக்கா இட்ட எழுத்துகள் அவர் இட்டபடியே மூலத்தில் இருக்கின்றன.