கரும்பருந்தின் பாதப்புண் ஆறவில்லை: உட்காரும் கொம்பு பற்றி உதவி தேவை

வணக்கம். காயமுற்ற வேட்டைப் பறவைகளைப் பராமரிக்கும் மறுவாழ்வு மையமொன்றில் மாணவப் பயிற்சியாளராக இருக்கிறேன். என் கவனிப்பில் உள்ள வளர்ந்த கரும்பருந்து ஒன்றின் வலது பாதத்தில் உண்டான புண் ஆறாமல் இருக்கிறது.

இடது கால் எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்த வாரங்களில் உடலின் முழு எடையையும் வலது கால் தாங்கியதால், அதன் அடிப்பாதத்தில் முதலில் சொரசொரப்பு தேய்ந்து தோல் வழவழப்பாகிச் சிவந்தது. பின்னர் நடுவில் கறுத்த பொருக்குத் தோன்றி, சுற்றிலும் வீங்கி, தொட்டால் சூடாக இருக்கிறது. முறிவு கூடிய பிறகும் பறவை வலது காலிலேயே சாய்ந்து நிற்கிறது. இரையை நன்றாக எடுக்கிறது என்பதும், எடை 700 கிராமுக்குக் கீழே இறங்கவில்லை என்பதும் பெரிய ஆறுதல்.

கால்நடை மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுத்து, அழுத்தம் படாதபடி வளையம் வைத்துக் கட்டுகிறார். மருந்து அவர் பொறுப்பு. கூண்டு என் பொறுப்பு. ஒரே பருமனான வழவழப்புக் கம்பை அகற்றிவிட்டு, பட்டையோடு கூடிய, பருமனில் வேறுபட்ட கிளைகளை வைத்தேன். செயற்கைப் புல்விரிப்பைச் சுற்றியபோது பறவை இயல்பாக நின்றது, ஆனால் இழைகளுக்கிடையே எச்சமும் இரைத்துணுக்குகளும் தங்கி ஈரம் சேர்ந்துவிடுகிறது. ஆறாத புண்ணுக்கு அது ஆகாது. கயிறு சுற்றியதில் கட்டுத்துணியின் நுனி சிக்கிக்கொண்டது.

கட்டுப் போட்ட பாதத்தின் எடையைப் பரவலாகத் தாங்கி, ஈரம் தேங்காமல், எளிதில் கழுவவும் கூடியதாகக் கொம்பின்மேல் எதைச் சுற்றிப் பலன் கண்டிருக்கிறீர்கள்?