வகுப்பு நூலகத்தை வகை பிரித்தபோது உங்களுக்கு நடந்தது என்ன?

உயர்நிலை 1 தமிழாசிரியை:
ஒரே ஒரு ஸ்டிக்கரைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதலில் நானும் எளிது, நடுத்தரம், கடினம் என்று பச்சை, மஞ்சள், சிவப்பு ஒட்டித்தான் அடுக்கியிருந்தேன். காலை வாசிப்பு நேரத்தில் ஒரு பையன், தொடக்கப்பள்ளியிலிருந்தே தமிழில் தடுமாறுகிறவன், பச்சை வரிசையில் ஒரு புத்தகத்தை எடுத்து வகுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகத்தால் எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான். நான் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வாரம் புத்தகம் திரும்பி வந்தது. ஸ்டிக்கரை அவன் வீசவில்லை, பின்னட்டையின் உட்பக்கத்தில் பத்திரமாக ஒட்டி வைத்திருந்தான். அன்றைக்கே மொத்த ஸ்டிக்கரையும் உரித்துவிட்டு மர்மம், பேய், விளையாட்டு, வரலாறு, சிரிப்பு, குடும்பம் என்று பெட்டி பெட்டியாகப் பிரித்தேன். அவனிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்பது மட்டும் இன்னும் உறுத்துகிறது.

உயர்நிலை 2 ஆசிரியர்:
டீச்சர், நல்ல முடிவு, ஆனால் வகைகளை நீங்களே முடிவு செய்தது எனக்கு உடன்பாடில்லை. நானும் அப்படித்தான் செய்தேன். சயாம் ரயில் பாதை பற்றிய கதை ஒன்று, அட்டையில் காடும் ரயிலும் இருந்ததால் ‘சாகசம்’ பெட்டியில் போட்டுவிட்டேன். எப்போதும் வாயே திறக்காத ஒரு மாணவி அதைக் கையில் எடுத்து வந்து, “ஐயா, இது சாகசம் இல்ல. எங்க பாட்டியோட அப்பாவை மலாயாத் தோட்டத்துலேருந்து அங்கதான் கொண்டுபோனாங்க, அவர் திரும்பி வரல” என்றாள். 1942-43-இல் ஜப்பானியர் போட்ட பாதை, ஆயிரக்கணக்கான தமிழர்கள் செத்தார்கள், இதையெல்லாம் பாடமாகச் சொல்லிக்கொடுத்தவன் நான். அப்புறம் எல்லாப் புத்தகத்தையும் தரையில் கொட்டி, நீங்களே பிரியுங்கள் என்று விட்டுவிட்டேன். அந்தப் புத்தகத்துக்கு அவர்கள் வைத்த பெட்டியின் பெயர் ‘நம்ம வீட்டுக் கதை’.

பள்ளி நூலகப் பொறுப்பாசிரியை:
என் அனுபவம் சின்னது. கதையல்லாத புத்தகங்களுக்கு ‘அபுனைவு’ என்று எழுதி ஒட்டியிருந்தேன், “நீதி, அநீதி மாதிரி இது கெட்ட புனைவா டீச்சர்?” என்று ஒரு 13 வயதுப் பையன் உண்மையாகவே கேட்டான். மறுநாள் ‘நிஜம்’ என்று மாற்றினேன்.

சரி, சில விஷயம் சொல்லிவிடுகிறேன். பெரிய நூலகங்களில் பொருளுக்கு ஓர் எண் கொடுத்து அடுக்குகிற டூயி முறையைப் பார்த்து அடுக்காதீர்கள், அதில் தமிழ் இலக்கியம் முழுக்க 894.811-க்குள் போய்விடும், பேய்க்கதை தேடுகிற பிள்ளைக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. நம் சிறுவர் நூல்கள் பாதி ஸ்டேப்ளர் பின் அடித்த மெலிந்த புத்தகங்கள், முதுகில் தலைப்பே இருக்காது, அதனால் அலமாரியில் செருகாமல் பெட்டியில் அட்டை தெரிய நிறுத்துங்கள். பெட்டிக்கு இருபதுக்கு மேல் வேண்டாம், நெருக்கினால் யாரும் புரட்ட மாட்டார்கள். ஜன்னலோரம் வைக்காதீர்கள், நம்மூர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடித்துவிடும், ஜூன் விடுமுறைக்கு வகுப்பைப் பூட்டும் முன் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஒரு புத்தகம் இரண்டு வகையிலும் பொருந்தினால் பிள்ளைகள் அதிகம் கை வைக்கிற பெட்டியில் போடுங்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று நூலகவியல் அறிஞர், நம் சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931-இலேயே எழுதிவிட்டார், அதனால் முதல் டீச்சருக்கு ஒன்று சொல்வேன்: எளிது, கடினம் என்கிற வாசிப்பு நிலையை அடியோடு விட்டுவிடாதீர்கள், தடுமாறுகிற பிள்ளை கடினமானதை எடுத்து நொந்து போகும். அட்டையின் உட்பக்கத்தில் பென்சிலால் சின்னதாகக் குறித்து வையுங்கள், வெளியே தெரியாது.

உயர்நிலை 1 தமிழாசிரியை:
பெட்டி யோசனைக்கு நன்றி. பென்சில் குறி மட்டும் வேண்டாம் டீச்சர். அவன் ஸ்டிக்கரை ஒட்டி வைத்ததே அந்த உட்பக்கத்தில்தான்.