"எந்த வரில இருக்கு, கை வச்சுக் காட்டு" – பிள்ளைங்களை கதை, குறள் பத்தி எழுத வச்ச அனுபவம், உங்களோடதையும் சொல்லுங்க

வணக்கம். திருவாரூர் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளில நாலு, அஞ்சு ரெண்டு கிளாஸையும் ஒண்ணா உக்கார வச்சு எடுக்கறேன், மொத்தம் 23 பிள்ளைங்க. ரொம்ப நாளா மனசுல கிடக்கற விஷயம், கொஞ்சம் நீளமா போகும்.

எந்தக் கதையைக் குடுத்து இதைப் பத்தி நாலு வரி எழுதுங்கன்னாலும் பிள்ளைங்க நேரா நீதிக்குப் போயிடுவாங்க. நரி வந்தா ஏமாறக் கூடாது, ராஜா வந்தா பேராசை பெருநஷ்டம். கதையைப் படிக்காமலே எழுதிடலாம் அதை, அதான் என் கவலையே. நரி தந்திரமானதுன்னு எழுதியிருக்கியே எப்படிடா தெரியும்னு கேட்டா "நரின்னாலே தந்திரம் தானே டீச்சர்"ங்கறான்.

சரி ஆதாரம் எழுதுங்கன்னு சொல்லிப் பாத்தேன். ஆதார் கார்டா டீச்சர்னு ஒரு பொண்ணு நெஜமாவே கேட்டா. அப்புறம் "சாட்சி"ன்னு மாத்தினேன், அது உடனே புடிச்சிக்கிச்சு. நீ சொல்றதுக்கு எந்த வரி சாட்சி சொல்லும், கூப்பிடு அதை. இப்படித்தான் ஆரம்பிச்சுது.

முதல்ல பாட்டி வடை சுட்ட கதையை எடுத்தேன், எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானேன்னு. பெரிய தப்பு. ஒருத்தன் கதைல காக்கா வடையைத் திருடுது, இன்னொருத்தி ஆத்தா சொன்ன கதைல பாட்டியே குடுக்கறாங்க, இன்னொரு கதைல காக்கா உஷாரா வடையைக் காலுக்கடில வச்சுக்கிட்டு அப்புறமா கா கான்னு பாடுது. எல்லாருமே அவங்கவங்க கதைக்கு சாட்சி சொல்றாங்க, சண்டை தீரவே இல்ல. எல்லார் கண்ணுக்கும் முன்னாடி ஒரே எழுத்து இருந்தாத்தான் இது நடக்கும்னு அன்னைக்குத்தான் எனக்கே உறைச்சுது. மறுநாள் 12 வரில சார்ட்ல எழுதி நம்பர் போட்டு ஒட்டிட்டேன்.

பாடப் புத்தகத்துல கோடு போட மனசு வரல, அதனால ஆளுக்கு மூணு புளியங்கொட்டை குடுத்தேன், சாட்சி வரி மேல வைக்க. சும்மா சொன்னேன், ஆனா பிள்ளைங்க அந்தக் கொட்டையைத் தூக்கித் தூக்கி வேற வரிக்கு மாத்தறதைப் பாக்கணுமே, ஒருத்தன் அஞ்சு நிமிஷம் ஒரு கொட்டையை ரெண்டு வரிக்கு நடுவுல வச்சுக்கிட்டு முழிச்சான். பேனாவால கோடு போட்டிருந்தா அவன் மனசு மாறியிருக்கவே மாட்டான்.

அரசோட எண்ணும் எழுத்தும் திட்டம் 2022ல ஒண்ணாங் கிளாஸ்லேருந்து மூணு வரைக்கும் வந்து அடுத்த வருஷமே நாலு அஞ்சுக்கும் வந்துச்சு, அப்ப பிள்ளைங்களோட படிப்பு நிலையை வச்சு அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர்னு பிரிச்சோமே, அதுல அரும்புப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வராதுன்னு நானே ஒதுக்கி வச்சிருந்தேன். தப்பு என் மேலதான். நான் சத்தமா வாசிச்சா அவங்க "அங்க நிறுத்துங்க டீச்சர்"னு கரெக்டா அந்த எடத்துல நிறுத்தறாங்க. வாசிக்கத்தான் சிரமம், யோசிக்க இல்ல.

இப்ப அந்தக் குறளுக்கு வர்றேன், இதைச் சொல்லத்தான் எழுதவே ஆரம்பிச்சேன். அடக்கமுடைமைல 129ஆவது குறள், போர்டுல எழுதினேன்.

தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே
நாவினாற் சுட்ட வடு.

பின் வரிசைப் பையன் ஒருத்தன் எந்திரிச்சான். "டீச்சர் இது தப்பு"ன்னான். ஏன்டான்னேன். சின்னதுல அவன் கைல கொதிக்கிற கஞ்சி கொட்டிடுச்சு, இடது புறங்கைல தோல் இன்னும் சுருங்கித்தான் இருக்கும். சாட்சி காட்டுன்னு பழக்கத்துல சொல்லிட்டேன், அவன் கையைத் தூக்கிக் காட்டினான். கிளாஸே கப்சிப்.

எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. அப்ப மொட்டு லெவல் பொண்ணு ஒண்ணு நேரா போர்டுக்கு வந்து "உள்" மேல விரலை வச்சா. "உள் ஆறும்னுதான் போட்டிருக்கு. வெளிய ஆறும்னு போடல. உனக்கு உள்ள வலிக்குதா?" அவன் கையை அமுக்கிப் பாத்துட்டு இல்லன்னான். உடனே இன்னொருத்தன் "டீச்சர் தீக்கு புண்ணுன்னு இருக்கு, நாக்குக்கு மட்டும் ஏன் வடுன்னு இருக்கு?"ன்னான். 14 வருஷமா இந்தக் குறளை நடத்தறேன், அந்த ரெண்டு வார்த்தை மேல பிள்ளைங்களை நிறுத்தினதே இல்ல.

அன்னைக்கு அந்தப் பையன் எழுதினது அப்படியே: என் கையில் தழும்பு இருக்கிறது ஆனால் வலிக்கவில்லை. வள்ளுவர் "உள்ளாறும்" என்று சொன்னார். அதனால் அவர் சொன்னது சரி. வெளியே ஆறவில்லை.

கடைசி வரியை நான் தொடல.

———

நியூஜெர்சிலேருந்து எழுதறேங்க, வார இறுதில தமிழ்ப் பள்ளில வாலண்டியரா சொல்லித் தர்றேன். என் பொண்ணு நாலாவது, இங்க ஸ்கூல்ல இதையே "ரேஸ்"னு ஒரு முறையா சொல்லித் தர்றாங்க, கேள்வியைத் திருப்பி எழுது, பதில் சொல்லு, வரியை எடுத்துக் காட்டு, விளக்கு. அமெரிக்கால 2010ல வந்த "காமன் கோர்"ங்கற பள்ளிப் பாடத்தரத்துல நாலாங் கிளாஸுக்குப் பாடத்துலேருந்து விவரம் காட்டணும்னும், அஞ்சாங் கிளாஸுக்கு வார்த்தை மாறாம மேற்கோள் காட்டணும்னும் இருக்கு. என் பொண்ணு என்ன பண்ணுவான்னா அரைப் பக்கத்தை அப்படியே காப்பி பண்ணி மேற்கோள் குறி போட்டுட்டு "இதுல தெரியுது அவன் சோகமா இருக்கான்"னு ஒரே வரில முடிச்சுடுவா. வரியைக் கண்டுபிடிச்சுடறாங்க டீச்சர், அந்த வரி ஏன் சாட்சின்னு சொல்றதுலதான் நிக்கறாங்க. உங்க கிளாஸ்ல அதை எப்படிக் கொண்டு வந்தீங்க?

———

மேடம் படிச்சதும் கண்ணு கலங்கிடுச்சு. நான் மதுரைப் பக்கம், அஞ்சாம் வகுப்பு. பாரி முல்லைக்குத் தேர் குடுத்த கதை சொல்லி எழுத விட்டேன், ஒரு பையன் "பாரி தேரை விட்டுட்டு வந்ததால் தேரோட்டி அழுதான்"னு எழுதினான். சாட்சி எங்கடான்னா தேடிப் பாத்துட்டு "கதைல இல்ல சார், ஆனா அழுதிருப்பான்"ன்னான். நான் அடிச்சு விடாம நோட்டுல ரெண்டு பத்தி பிரிச்சேன், "கதை சொல்றது", "நான் நினைக்கறது". இப்ப பிள்ளைங்களே எது எங்க போகும்னு கேக்கறாங்க. ஒரு வருத்தம், பார்வைக்கு வந்த ஒரு அதிகாரி நோட்டைப் புரட்டிட்டு ஏன் எல்லார் விடையும் வேற வேறயா இருக்குன்னு கேட்டார். பிள்ளைங்க முன்னாடியே. அது இன்னும் மனசுல இருக்கு.

———

சார், அந்த ரெண்டு பத்தி நாளைக்கே எங்க கிளாஸ்லயும் வந்துடும். அதிகாரி விஷயம், மனசைத் தளர விடாதீங்க, அந்த நோட்டைப் பத்திரமா வச்சிருங்க.

நியூஜெர்சி அக்கா, எனக்கும் அதே எடம்தான் கஷ்டம். மூணு வார்த்தைக்கு மேல எடுத்து எழுதக் கூடாதுன்னு வச்சேன், அது கொஞ்சம் உதவிச்சு, ஏன்னா மூணே வார்த்தைன்னா எந்த மூணுன்னு யோசிச்சே ஆகணும். அப்புறம் ஜோடியா உக்கார வச்சு, ஒருத்தர் கொட்டையை வச்சதும் பக்கத்துல இருக்கறவங்க "அதனால?"ன்னு மட்டும் கேக்கணும், பதில் வர்ற வரைக்கும் விடக் கூடாது. வாயால வந்ததுக்கு அப்புறம்தான் பென்சிலைத் தொடலாம். முதல் வாரம் பாதிப் பேருக்கு "அதனால அவன் நல்லவன்"தான் வந்துச்சு. நேத்து வடை கதைக்கு ஒருத்தி எழுதியிருக்கா: நரி "உன் குரல் இனிமை" என்றது. அதுவரை காக்கா பாடவே இல்லை. அதனால் நரி பொய் சொல்கிறது.

சார்ட்ல போய்ப் பாத்தேன். நரி அதைச் சொல்றது 7ஆவது வரி. காக்கா வாயைத் திறக்கறது 9ஆவது வரிலதான்.