இழை: சாம்ப்ளருக்குத் தமிழ், மாதிரியா பதியமா?

குழுவினருக்கு வணக்கம்.

மின்னணு இசைக்குக் கணினியை விட்டுவிட்டுத் தனிச் சாம்ப்ளரை (ஒலித் துண்டுகளை எடுத்துவைத்து, தட்டும்போது ஒலிக்கும் கருவியை) நாடுகிறவர்களுக்கான கையேடு ஒன்று தமிழில் உருவாகிறது. முதல் பக்கத்திலேயே முட்டுக்கட்டை. சாம்பிளுக்கு 'மாதிரி' என்று எடுத்துக்கொண்டால் சாம்ப்ளர் 'மாதிரியெடுப்பி' ஆகும். ஆனால் எஸ்பி-1200 என்ற பழைய சாம்ப்ளரைப் பற்றிய இந்த வரியைப் பாருங்கள்:

"எஸ்பி-1200 நொடிக்கு 26,040 மாதிரி எடுக்கும், அதில் 32 மாதிரிகளை வைத்துக்கொள்ளலாம்."

முதல் மாதிரி, ஒரு கணத்தில் ஒலி அலையின் உயரத்தைக் குறிக்கும் ஓர் எண். இரண்டாவது மாதிரி ஒரு முரசடியோ ஒரு பியானோ சுரமோ. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாக இருந்து தொலைக்கிறது. தமிழிலும் அந்தக் குழப்பத்தை வரவழைக்க வேண்டுமா?

---

> தமிழிலும் அந்தக் குழப்பத்தை வரவழைக்க வேண்டுமா?

வேண்டாம். 'கொய்கருவி' என்று வைக்கலாம். பூக்கொய்தல், தினைகொய்தல் போல ஒலியைக் கொய்வது. வினைத்தொகை, சுருக்கம், சொல்லவும் எளிது. எடுத்த துண்டுக்குக் 'கொய்யொலி'.

---

ஐயா, கொய்கருவி காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் கொய்வதை டேப் ரெக்கார்டரும் செய்கிறது. சாம்ப்ளரின் வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது: எங்கிருந்தோ எடுத்த அரை நொடி ஒலியை வேறு தாளத்தில், வேறு சுருதியில் மறுபடி முளைக்க வைக்கிறது.

தோட்டத்தில் இதற்குப் பெயர் இருக்கிறது. கிளையை வளைத்து மண்ணில் புதைத்து, வேர் விட்டதும் வெட்டி வேறிடத்தில் நடுகிறோமே, அந்தப் பதியம். துண்டொலி பதியம், எடுப்பது பதியம் போடுதல், கருவி பதியக்கருவி. கருவி தன் ஒலியையே திரும்ப எடுத்துக்கொள்ளும் ரீசாம்ப்ளிங், மறுபதியம். நொடிக்கு இத்தனை என்று எண்ணுகிற சாம்பிள் மட்டும் 'மாதிரி'யாகவே இருக்கட்டும்.

பதியத்தைக் கூறுபோட்ட துண்டான ஸ்லைஸுக்கும் வயலிலேயே சொல் கிடைக்கிறது: கரணை. கரும்புக் கரணையில் பரு இருந்தால்தான் முளைக்கும். திரும்பத் திரும்ப ஓடும் டிரம் லூப்பை 16 கரணையாக்கி, விரலால் தட்டும் 16 பேட்களில் பரப்பும்போதும் அப்படித்தான். அடி விழுந்து அலை எழும்பும் இடம்தான் பரு. அது கரணையின் தலையிலேயே இருக்க வேண்டும். அதைத் தாண்டி வெட்டினால் அடி மொண்ணையாகும். முன்னால் மௌனம் விட்டு வெட்டினால் தாளம் பிந்தும். அலை சுழியை (பூச்சியத்தை) கடக்கும் புள்ளியில் வெட்டாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு 'டிக்' கேட்கும்.

பத்து மில்லிநொடி மௌனம் என்ன செய்துவிடும் என்பவர்களுக்கு: எம்பிசி60 என்ற சாம்ப்ளர் ஒரு பீட்டை 96 கூறாக்குகிறது. 90 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 90 பீட் வேகத்தில், ஒரு கூறு ஏறத்தாழ 6.9 மில்லிநொடி. அதில் 54% ஸ்விங் (கால் பீட் அடிகளில் ஒன்றுவிட்டு ஒன்றைச் சற்றுப் பிந்தவைக்கும் அசைவு) வைத்தால் இடைப்பட்ட கால் பீட் அடி தள்ளிப்போவது 2 கூறு, சுமார் 14 மில்லிநொடி. பீட்டின் மேல் விழும் கரணை 10 மில்லிநொடி பிந்தினால் அந்த ஸ்விங்கில் மிஞ்சுவது நாலே. கருவி கெட்டுவிட்டது என்று மெனுவைக் குடைவார்கள், கெட்டிருப்பது வெட்டு.

---

கரணைக்கு என் வாக்கு இப்போதே. பதியத்தில் இரண்டு தடை.

ஒன்று, 'ஒலிப்பதிவு', 'ஒலிப்பதியம்': அச்சில் இரண்டும் கலந்துவிடும். ஆகவே 'ஒலி' என்ற முன்னொட்டு கூடாது, வெறும் பதியம் போதும்.

இரண்டு, தாயைப் போலவே வளர்வதுதான் பதியத்தின் இயல்பு. எஸ்பி-1200 போன்ற 12 பிட் கருவி (ஒவ்வொரு மாதிரியையும் 12 இலக்க இரும எண்ணாக வைப்பது) தாயைப் போலத் தருவதில்லை. 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் தங்காது. சுருதி இறக்கும்போது இடைப்பட்ட மதிப்புகளைக் கணக்கிடாமல் இருக்கிற மாதிரிகளையே திரும்ப ஒலிப்பதால் உலோகம் உரசுவது போன்ற கொரகொரப்பு சேரும். அதற்காகவேதான் 1987இல் வந்த பெட்டியை இன்றும் தேடுகிறார்கள்.

---

> தாயைப் போலத் தருவதில்லை

மண் மாறினால் காயின் சுவை மாறாதா? சொல் தாங்கும், கவலை வேண்டாம்.

ஆனால் மண் நல்லதாக வேண்டும், அதாவது உள்ளீட்டு மட்டம். ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். 12 பிட்டுக்கு மொத்தம் 72. உச்சம் 12 டெசிபல் தாழ்வாகப் பதிந்தால் இரண்டு பிட் வீண், கையில் இருப்பது 10 பிட் கருவி. பிறகு உயர்த்தினால் இரைச்சலும் கூடவே ஏறும். 24 பிட் கணினிப் பதிவில் இந்தத் தவறு தெரியாது. இங்கே உடனே தெரியும். கையேட்டில் தடித்த எழுத்தில் போட வேண்டிய இடம்.

என் சண்டை 'வன்பொருள் சாம்ப்ளர்' மேல். ரோஜர் லின் வடிவமைத்து அகாய் 1988இல் வெளியிட்ட எம்பிசி60க்குள் ஓடுவதும் நிரல்தான். 2017இல் வந்த எம்பிசி லைவ் தனியாகவும் ஓடும். கணினியில் செருகினால் அங்குள்ள நிரலை இயக்கும் வெறும் பேட் பலகையாகவும் மாறும். அதே பெட்டி காலையில் வன்பொருள், மாலையில் இல்லையா? வேறுபாடு கணினி வேண்டுமா வேண்டாமா என்பதே. 'தனித்தியங்கு பதியக்கருவி' என்றும் 'கணினிப் பதியநிரல்' என்றும் பிரிப்பதே சரி.

தாமதம் பற்றி எழுதும்போதும் நேர்மை வேண்டும். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் இடையகம் 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 மாதிரி என்றால் 11.6 மில்லிநொடி, 128 என்றால் 2.9. விரலால் தட்டி வாசிக்கும்போதுதான் இது உறுத்தும். எழுதி வைத்த தாளத்தைக் கணினி தானே ஓட்டும்போது எல்லாத் தடங்களும் ஒருசேரத் தள்ளிப்போவதால் உறுத்தாது. கணினியே பிந்தும் என்று பொதுப்படையாக எழுதினால் முதல் வாசகரே திருத்தம் அனுப்புவார்.

---

நன்றி. சொற்களைப் போட்டு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன், தட்டுகிறதா சொல்லுங்கள்:

"எஸ்பி-1200இல் எல்லாப் பதியங்களுக்கும் சேர்த்து 10 நொடிதான் இடம், ஒரு பதியம் 2.5 நொடியைத் தாண்டக் கூடாது. இடத்தை மிச்சம் பிடிக்க 33⅓ வேக இசைத்தட்டை 45இல் ஓட்டிப் பதியம் போட்டு, பிறகு சுருதியை இறக்குவார்கள். 10 நொடியில் 13.5 நொடி இசை அடங்கும். வேக மாற்றத்தால் சுருதி ஏறுவது 5.2 அரைச்சுரம். கருவியில் 5 இறக்கினால் 20 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மிஞ்சி மற்றத் தடங்களோடு பிசிறடிக்கும்; ஆகவே இசைத்தட்டின் வேகத்தைப் பதியம் போடும்போதே 1.1% குறைத்துவிடுங்கள். மூல இசையில் 9.6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலிருப்பது போய்விடும்; சிம்பலுக்கு இந்த வழி ஆகாது. முடிந்ததும் பிளாப்பியில் சேமியுங்கள். மின்சாரம் போனால் பதியமும் போச்சு."

'பேட்' மட்டும் மிச்சம். தட்டுப்பலகை என்றால்?

---

பத்தி ஓடுகிறது. 'பிசிறடிக்கும்' நல்ல இடத்தில் விழுந்திருக்கிறது. 'இடையகம்' கையேட்டில் வரும்போது முதல் முறை 'பஃபர்' என்றும் சேர்த்து எழுதுங்கள், நிரலின் திரையில் அந்தச் சொல்லைத்தான் தேடுவார்கள்.

பேட்டைத் தொட வேண்டாம். மெல்லிசைக் கச்சேரி மேடையில் 'பேட் வாசிக்கிறவர்' என்பது என்றோ தமிழாகிவிட்டது. ஸ்விங்குக்கு வேறு இழை தொடங்குங்கள். 'ஊசல்' என்று யாராவது தொடங்குவதற்குள்.