ஒரு டிரில்லியன் டாலர் தமிழ்நாடு: சலுகைப் பணம் யாருக்குப் போகவேண்டும்?

வைகைக்கரை

2030-க்குள் ஒரு டிரில்லியன் டாலர் பொருளாதாரம் என்று தமிழக அரசு இலக்கு வைத்திருக்கிறது. 2024-25ல் மாநிலத்தின் வளர்ச்சி விகிதம் 11.19 சதவீதம். சந்தோஷம்தான். ஆனால் இதற்கு நாம் என்ன விலை கொடுக்கிறோம் என்று யாரும் பேசுவதில்லை. பெரிய ஆலை ஒன்று வருகிறது என்றால் அரசின் சிப்காட் தொழிற்பேட்டையில் நிலம், முத்திரைத்தாள் கட்டண விலக்கு, மின்வரி விலக்கு, மூலதன மானியம் என்று அள்ளிக் கொடுக்கிறோம். நோக்கியா 2006ல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தது, 2014 நவம்பரில் பூட்டிவிட்டுப் போனது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. வேலை போனவர்கள் ஆயிரக்கணக்கில்.

மறுபக்கம் கோயம்புத்தூரைப் பாருங்கள். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது, மில்கள் பெருகின. மில் எந்திரம் பழுதானால் பார்க்கப் பட்டறை வந்தது, பட்டறைக்கு வார்ப்பு வேண்டும் என்று பவுண்டரி வந்தது, அப்புறம் மோட்டார், பம்ப்செட், வெட் கிரைண்டர். 1937லேயே ஜி.டி. நாயுடு மின்மோட்டார் செய்து காட்டிவிட்டார். சிவகாசிக்காரர்கள் 1920களில் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள். திருச்செங்கோட்டில் இருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டப் போகும் போர் வண்டி இந்தியாவில் போகாத மாநிலம் இல்லை. இவர்களில் ஒருவரையும் அரசு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை.

அந்தச் சலுகைப் பணத்தில் பாதியை உள்ளூர்த் தொழில்முனைவோருக்குத் திருப்பினால் என்ன? இதுதான் என் கேள்வி.

ஒரகடம்365

பைக்காரா நீர்மின் நிலையத்தைக் கட்டியது யார் சார்? அரசாங்கம். கம்பி இழுத்தது அரசு, லாபம் பார்த்தது தனியார். அதுவும் சலுகைதான், பெயர்தான் வேறு.

ஹூண்டாய் 1996ல் வந்தது, 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து சாண்ட்ரோ வெளியே வந்தது. கூடவே உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. அங்கே பத்து வருஷம் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தமாக டை என்கிற உலோக அச்சு செய்கிறவர்கள், பிளாஸ்டிக் மோல்டிங் போடுகிறவர்கள் எனக்கே பலரைத் தெரியும். தரக் கட்டுப்பாடு, நேரத்துக்குச் சரக்கு அனுப்புவது, இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வராது.

நோக்கியா போனது வருத்தம்தான். ஆனால் அந்த வளாகத்தில் இப்போது சால்காம்ப் சார்ஜர் செய்கிறது. ஃபோர்டும் 2024 செப்டம்பரில், மறைமலைநகர் ஆலையை ஏற்றுமதிக்காக மறுபடி பயன்படுத்த விரும்புவதாகக் கடிதம் கொடுத்துவிட்டது. மின்னணு ஏற்றுமதி 2022-23ல் 5.37 பில்லியன் டாலர், 2024-25ல் 14.65 பில்லியன். இந்தியாவிலேயே முதலிடம். பட்டறையை மட்டும் நம்பியிருந்தால் இரண்டே வருஷத்தில் இது நடக்குமா?

டீப்டெக்_தம்பி

ரெண்டு பேரும் பழைய கதை பேசுகிறீர்கள். போன் பாகங்களை வரவழைத்துப் பூட்டி அனுப்புவது புதுமை ஆகாது. பக்கத்து பட்டறை செய்கிற அதே பம்ப்பை அஞ்சு ரூபாய் குறைத்து விற்பதும் புதுமை இல்லை. ஐஐடி மெட்ராஸ் ரிசர்ச் பார்க்கில் வளர்ந்த அக்னிகுல், ஒரே துண்டாக முப்பரிமாண அச்சில் செய்த எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ராக்கெட் விட்டது. பணம் போகவேண்டிய இடம் அதுமாதிரிதான்.

இங்கே யோசனைக்குப் பஞ்சமில்லை, தங்குவதில்தான் சிக்கல். ஏத்தர் மின் ஸ்கூட்டர் யோசனை முளைத்தது ஐஐடி மெட்ராஸில், தலைமையகம் பெங்களூரு, ஆலை மறுபடி நம்ம ஓசூர். ஃப்ரெஷ்வொர்க்ஸ் 2010ல் சென்னையில் தொடங்கியது, 2021ல் நாஸ்டாக்கில் பட்டியலானபோது தலைமையகம் கலிஃபோர்னியா. ஆரம்பத்தில் நம்பிப் பணம் போடுகிற ஆள் இங்கே குறைவு. மாநில அரசின் டான்சீட் தொடக்க நிதியில் 10 முதல் 15 லட்சம் கிடைக்கிறது, நல்ல விஷயம். ஆனால் வன்பொருள் செய்கிறவனுக்கு அது முதல் மாதிரி செய்து முடிக்கவே காணாது.

குறிச்சி லேத்

தம்பி, உங்க முதல் மாதிரிக்குக் கடைசல் வேலை எங்கே கொடுக்கிறீங்க? எங்களை மாதிரிப் பட்டறையில்தானே? ‘அஞ்சு ரூபாய் குறைச்சு விக்கிறவன்’ என்று சுலபமாகச் சொல்லிட்டீங்க.

நான் ஜாப் ஆர்டர் செய்கிறவன். நாலு லேத், தவணையில் வாங்கின, கணினியில் ஓடுகிற விஎம்சி மெஷின் ஒண்ணு. கம்பெனி வார்ப்பை அனுப்பும், நாங்கள் கடைந்து, துளை போட்டு, டிசி (சரக்கு அனுப்பும் சீட்டு) போட்டுத் திருப்பி அனுப்புவோம். பில் கொடுத்துவிட்டு போன் பண்ணினால் முதல் மாதம் ‘இன்ஸ்பெக்‌ஷன் முடியலைங்க’. இரண்டாம் மாதம் ‘ஜிஆர்என் (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு) போட்டாச்சு, அக்கவுண்ட்ஸில் இருக்கு’. மூன்றாம் மாதம் நாலு பீஸ் ரிஜெக்ட் என்று, பணத்தைக் கழித்து டெபிட் நோட்டு வரும், அதைச் சரிபார்க்க இன்னும் இருபது நாள். நாலாம் மாதம் பாதிப் பணம். இதற்குள் அந்த பில்லுக்கான ஜிஎஸ்டியை என் கையில் இருந்து கட்டியிருப்பேன். வராத காசுக்கு வரி. 2022 செப்டம்பரில் ஏறின மின்சார நிலைக்கட்டணம், மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும். சனிக்கிழமை ஆனால் ஆளுங்களுக்குக் கூலி கொடுக்கணும், அதுக்கு ஜிஆர்என் கதை சொல்ல முடியாது.

சலுகை யாருக்கு என்று நீங்கள் அடித்துக்கொள்ளுங்க. எனக்கு சலுகை வேண்டாம். செய்த வேலைக்குக் காசு நேரத்துக்கு வந்தால் அடுத்த வருஷம் இன்னொரு விஎம்சி நானே போட்டுக்குவேன்.

வைகைக்கரை

பார்த்தீர்களா ஒரகடம், இதைத்தான் சொல்கிறேன். வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒற்றைச் சாளரம், நம்மாளுக்கு நாலு மாதம் நடை.

குறிச்சி லேத்

இல்லைங்க, அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காதீங்க. எனக்குப் பாக்கி வைக்கிறது கொரியாக்காரனும் இல்லை, அமெரிக்காக்காரனும் இல்லை. எல்லாம் நம்மூர் முதலாளிங்கதான். நீங்கள் கொண்டாடுகிற அதே கோயம்புத்தூர் பாரம்பரியம். எதிர்பார்க்காமல் ஒரு தடவை வெளிநாட்டுக் கம்பெனிக்கு நேரடியாக வேலை செய்தேன், சொன்ன தேதிக்குக் காசு வந்தது. ஆனால் அவங்க கேட்கிற சான்றிதழ், ஆடிட்டு, ஆவணம் எல்லாத்தையும் தாக்குப்பிடிக்க நமக்குத் தெம்பில்லை. அதனால் நடுவில் ஒருத்தர் இருக்கார். அவர்தான் இழுக்கிறார்.

ஒரகடம்365

நெத்தியடி. 😄

பெரம்பலூர்ப்பெண்

எல்லோரும் முதலாளி கணக்கிலேயே பேசுகிறீர்கள். எங்கள் மாவட்டத்தில் எறையூரில் 2023 நவம்பரில் காலணி ஆலை திறந்தார்கள். அதற்கு முன்னால் எங்கள் பக்கம் பெண்களுக்கு என்ன வழி? பருத்தி எடுக்கும் காலத்தில் கூலி, மற்ற நாளில் நூறு நாள் வேலை. இப்போது பிஎஃப், இஎஸ்ஐ என்று மாதச் சம்பளம் பார்க்கிறார்கள். இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிற பெண்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்றால் அது பெரிய ஆலைகளால்தான். ‘நீயே தொழில் தொடங்கு’ என்று சொல்வதற்குக் கையில் நிலப் பத்திரமோ நகையோ இருக்கவேண்டும். பெரம்பலூர், அரியலூர் பக்கம் அது எத்தனை பெண்கள் பெயரில் இருக்கிறது?

வைகைக்கரை

வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை அம்மா. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு சரியில்லை என்று பெண் தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு சாலையில் உட்கார்ந்தார்களே, அந்த நிலையும் சேர்த்துத்தான் அந்த மாதச் சம்பளம்.

பெரம்பலூர்ப்பெண்

உட்கார்ந்தார்கள், அதனால்தான் மாறியது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கை கொண்ட விடுதியை சிப்காட் கட்டித் திறந்தது. பத்து பேர் வேலை செய்கிற பட்டறையில் சாப்பாடு சரியில்லை என்று யார் சாலையில் உட்கார முடியும்? லேத் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, உங்கள் பட்டறையில் எல்லோருக்கும் பிஎஃப் உண்டா?

குறிச்சி லேத்

நாங்கள் மொத்தம் எட்டுப் பேருங்க, அந்தச் சட்டத்துக்குள் வரமாட்டோம். கேட்டது நியாயம்தான், அதுக்கு என்னிடம் பதில் இல்லை. கம்பெனி சம்பளம் பார்த்து என்னிடம் இருந்து ரெண்டு பசங்க போயிட்டாங்க, போகாதே என்று சொல்ல வாய் வரலை.

ஓய்வு_மேலாளர்

நான் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். வைகைக்கரை சொல்வது போல உள்ளூர்க்காரருக்குத் திட்டமே இல்லை என்பது சரியல்ல. புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கான நீட்ஸ் திட்டத்தில் 25 சதவீத மானியம், உச்சவரம்பு 75 லட்சம், வட்டியிலும் 3 சதவீதம் கழிவு. 2023ல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35 சதவீதம், ஒன்றரைக் கோடி வரை. அடமானம் இல்லாக் கடனுக்கு உத்தரவாதம் தர 2000ஆம் ஆண்டில் இருந்து கடன் உத்தரவாத நிதி இருக்கிறது. பெரம்பலூர் அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் அதில் ஓரளவு இருக்கிறது. ஒரு வரம்பு வரையிலான சிறுதொழில் கடனுக்கு அடமானம் கேட்கவே கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்கிறார்களா என்றால், கேட்கிறார்கள். கடன் வாராமல் போனால் உத்தரவாதம் இருந்தாலும் மேலாளர் விளக்கம் எழுதவேண்டும், அந்தப் பயம்.

என் அனுபவத்தில் நொடித்த சிறுதொழில்கள் பெரும்பாலும் ஆர்டர் இல்லாமல் நொடிக்கவில்லை. எந்திரம் வாங்கத் தாராளமாகக் கடன் கிடைக்கும், ஏனென்றால் மானியம் அதற்குத்தான். ஓடத் தொடங்கிய பிறகு நடைமுறை மூலதனத்துக்கு வழியிருக்காது. விற்ற சரக்குக்குப் பணம் வராது. பட்டறைக்கு வரவேண்டிய பணத்தில் 90 நாளுக்கு மேற்பட்ட பாக்கியை வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளாது, அதனால் ஓவர்டிராஃப்ட் வரம்பும் சுருங்கும். நல்ல லாபக் கணக்கு காட்டுகிற பட்டறை, வாராக் கடனாக மாறுவது இப்படித்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்கவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. இந்தப் பாக்கிப் புகார்களை விசாரிக்கும் வசதியாக்க மன்றத்தில் தோற்ற கம்பெனி மேல்முறையீடு போகவேண்டுமென்றால் 75 சதவீதத்தை முதலில் கட்டவேண்டும். இதைவிடக் கடுமையாக என்ன எழுதுவது?

குறிச்சி லேத்

கோவையிலேயே மன்றம் இருக்குங்க சார். இணையத்தில் வீட்டில் இருந்தே புகார் போடலாம். போட்டால் அந்தப் பாக்கி வரும், அடுத்த வார்ப்பு வராது. மூணு கம்பெனிக்கு வேலை செய்கிறவன் ஒரு கம்பெனி மேல் புகார் போட்டால் மத்த ரெண்டுக்கும் அன்னைக்கே தெரிஞ்சிடும். தொழிலை மூடுகிற அன்னைக்குத்தான் புகார் போடுவாங்க.

45 நாளுக்குள் கொடுக்காத தொகையை அந்த வருஷச் செலவில் கழிக்கக் கூடாது என்று வருமான வரியில் 2024 ஏப்ரல் முதல் ஒண்ணு கொண்டுவந்தாங்களே, அப்போ என்ன நடந்தது தெரியுமா? ‘உதயம் (சிறுதொழில்) பதிவை ரத்து பண்ணிட்டு வாங்க, இல்லைன்னா வேற ஆள் பார்க்கிறோம்’ என்று எனக்கே சொன்னாங்க.

டீப்டெக்_தம்பி

அப்படியென்றால் ட்ரெட்ஸ் மாதிரித் தளத்தில் பில்லை ஏற்றி, உடனே தள்ளுபடியில் பணமாக்கலாமே அண்ணா. 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் சேரவேண்டும் என்று கட்டாயம் வந்துவிட்டது. மென்பொருளால் தீர்க்கக்கூடிய விஷயம்.

குறிச்சி லேத்

பதிவு பண்ணிக்கிறாங்க தம்பி. என் பில்லை ஏற்றுக்கொண்டேன் என்று பொத்தானை அழுத்தவேண்டியது அவங்க. அந்தப் பொத்தானும் ‘அக்கவுண்ட்ஸில் இருக்கு’.

ஓய்வு_மேலாளர்

இதனால்தான் வைகைக்கரையின் கேள்வியைத் திருப்பிப் போடுகிறேன். சலுகையை ஆலையிடம் இருந்து பிடுங்கிப் பட்டறைக்குக் கொடுக்கவேண்டாம். ஒவ்வொரு வருடமும் ஊக்கத்தொகையை விடுவிக்கும் முன், கம்பெனியும் அதன் முதல் வரிசைச் சப்ளையர்களும் சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்ததற்குத் தணிக்கையாளர் சான்று கேட்கட்டும். புகார் போடவேண்டிய பாரம் லேத் அண்ணன் தலையில் இருக்காது. மத்தியச் சட்டத்தைத் திருத்தவேண்டியதில்லை, மாநிலமே அரசாணையில் சேர்க்கலாம்.

ஒரகடம்365

சொல்ல நன்றாக இருக்கிறது சார். பக்கத்து மாநிலம் என்ன செய்கிறது என்று பார்த்தீர்களா? ஆந்திரா 2025 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் டிசிஎஸ்ஸுக்கு 21 ஏக்கரை 99 பைசாவுக்குக் கொடுத்தது. இந்தப் போட்டியில், உன் சப்ளையரின் சப்ளையருக்குப் பணம் போனதா என்று சான்று கேட்டால் முதலீட்டாளர் அடுத்த விமானத்தில் அமராவதி போய்விடுவார். முதல் வரிசை சப்ளையர் தவறு செய்ததற்குத் தாய் நிறுவனத்தின் சலுகையை நிறுத்துவது நியாயமும் இல்லை.

வைகைக்கரை

99 பைசாவுக்கு நிலம் கொடுக்கிறவனோடு போட்டி போடப் போனால் கடைசியில் நாம் கையிலிருந்து காசு கொடுத்து அழைக்கவேண்டியதுதான். என் நிலை மாறவில்லை, பாதிச் சலுகை உள்ளூருக்கு. அந்தச் சான்று யோசனையை அதோடு சேர்த்துக்கொள்கிறேன்.

குறிச்சி லேத்

ஒரகடம் சார், கார் கம்பெனி போகலாம், அதுக்குச் சாமான் கொடுக்கிற நம்மூர் முதலாளி பவுண்டரியைத் தூக்கிட்டு அமராவதி போகமாட்டார். சலுகை வாங்குகிறதில் அவரும் இருக்கார். அவர்கிட்ட இருந்தே அந்தச் சான்றைக் கேட்க ஆரம்பிங்க, வெளிநாட்டுக்காரனை அப்புறம் பார்த்துக்கலாம். மேலாளர் சார், ஒரு திருத்தம்: 45 நாளை டிசி போட்ட தேதியில் இருந்து எண்ணணும். ஜிஆர்என் தேதியில் இருந்து எண்ணினால் சான்று சுத்தமாக இருக்கும், என் காசு மட்டும் வந்திருக்காது.