வீடற்றோர் காப்பகச் சுவரில் இயற்கை ஓவியம்: அங்கு தங்கியிருப்பவர்களைக் கொண்டே வரைவது எப்படி?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் வீடற்றோர் காப்பகம் ஒன்றில் வாரம் இருமுறை ஓவியம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதன் சுற்றுச்சுவரில், ஏறத்தாழ 30 அடி நீளத்துக்கு, மரமும் பறவையுமாக ஓர் ஓவியம் தீட்ட அனுமதி கிடைத்திருக்கிறது. தங்கியிருப்பவர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள்; மற்றவர்கள் பகலில் வேலைக்குப் போய்விடுவார்கள்; இன்று இருப்பவர் அடுத்த வாரமும் இருப்பார் என்ற உறுதி இல்லை. நானே எல்லாவற்றையும் வரைந்துவிட்டு, வண்ணம் நிரப்ப மட்டும் அவர்களை அழைப்பதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி 1

சுவரிலேயேதான் வரைய வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 1984-இல் தொடங்கிய சுவரோவியத் திட்டத்தினர், பாராசூட் துணி என்று அவர்கள் அழைக்கும் மெல்லிய துணியை மேசைமேல் விரித்துத் துண்டு துண்டாகத் தீட்டச் செய்து, பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள். வெளியே வர முடியாத சிறைவாசிகள்கூட இவ்வாறு நகரத்துச் சுவர்களுக்கு வரைந்திருக்கிறார்கள். அந்தத் துணி கிடைக்காவிட்டால், இரண்டடிக்கு இரண்டடியாக மரைன் ப்ளைவுட் (ஈரத்தைத் தாங்கும் ஒட்டுப்பலகை) பலகைகளை வெட்டி, விளிம்புகளுக்கும் ப்ரைமர் என்ற அடிப்பூச்சு அடித்துக் கொடுக்கலாம். சாரம் ஏற முடியாத பாட்டியும் இரவு ஏழு மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறவரும் உட்கார்ந்தபடியே வரையலாம். ஒருவர் இடையில் போய்விட்டாலும் அவருடைய பலகை முழுமையாக இருக்கும்.

மறுமொழி 2

என்ன வரைவது என்பதை நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். நாங்கள் ஒரு காப்பகத்தில் பனைமரம் ஒன்றைக் கரிக்கோட்டில் வரைந்து, நீண்ட பாளைகளையும் அருகிலேயே நுங்குக் குலையையும் போட்டிருந்தோம். மூன்று வாரங்களாக ஒரு சொல்லும் பேசாமல் மூலையில் அமர்ந்திருந்த பெரியவர் எழுந்து வந்து, “இது ஆண்பனையின் பாளை, இதில் நுங்கு காய்க்காது” என்று சொல்லிவிட்டுக் கரித்துண்டைக் கையில் வாங்கினார். இளமையில் அவர் பனையேறியாக இருந்தவர் என்பது அதன் பிறகே எங்களுக்குத் தெரிந்தது. வேப்பிலையின் விளிம்பு ரம்பப்பல்லாக இருக்கும் என்று திருத்தியவர் இன்னொரு அம்மா. வீட்டை இழந்தவர்களிடம் ஊரைப் பற்றி நேராகக் கேட்டால் பலருக்கு வலிக்கும். மரத்தைப் பற்றிக் கேட்டால் அவர்களே விரும்பிய அளவுக்குச் சொல்வார்கள், நாம் அதற்கு மேல் கிண்டக் கூடாது.

மறுமொழி 3

சில நடைமுறைச் செய்திகள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவர் நன்றாகக் காய்ந்த பிறகு, தை மாசியில் தொடங்குங்கள். உப்புப் பூத்த இடத்தைச் சுரண்டாமல் அடித்த வண்ணம் அடுத்த மழைக்குள் செதில் செதிலாக உரிந்துவிடும். வெளிச்சுவருக்குரிய அக்ரிலிக் எமல்ஷனையே வாங்குங்கள்.

இவற்றைவிட முக்கியமானது கூலி. ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து வரைகிறவருக்கு அந்த நாளின் சம்பளத்தைத் திட்டச் செலவிலேயே ஒதுக்குங்கள். தேநீரும் சான்றிதழும் அதற்கு ஈடாகா. எவருடைய முகத்தையும் அவருடைய சம்மதமின்றிப் படம் எடுக்க வேண்டாம். குடும்பத்தினருக்குத் தெரியாமல் தங்கியிருப்பவர்கள் அங்கே உண்டு. ஓவியத்தின் கீழே பெயர் எழுதுவதா வேண்டாமா என்பதையும் அவரவரிடமே கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வெளிச்சுவருக்குப் பலகை முறையையே பின்பற்ற இருக்கிறேன். கூலிக்காக வண்ணச் செலவைக் குறைத்து, எட்டு நிறங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். நேற்று மாலை, எந்த மரம் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். பூமரங்களைச் சொல்வார்கள் என்று எண்ணியிருந்தேன். ஓர் அம்மா கிளுவை வேலி வேண்டும் என்றார், அதன்மேல் தலையை ஆட்டும் ஓணான் ஒன்றும் இருக்க வேண்டுமாம். முதல் பலகையை அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.