ராத்திரி 7 மணிக்கு மேல் சாப்பிட்டால் எல்லாம் கொழுப்பா?

சோமனூர் தறிக்காரன்:
நேற்று கோபி அண்ணன் போட்ட பதிவைப் படித்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. "7 மணிக்கு மேல் வாயில் வைப்பது அத்தனையும் கொழுப்பு. இதற்கு நோபல் பரிசே கொடுத்துவிட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். 2017இல் மருத்துவ நோபல் வாங்கிய ஹால், ரோஸ்பாஷ், யங் மூவரும் பழ ஈயை வைத்து வேலை செய்தவர்கள். செல்லுக்குள் ஒரு புரதம் ராத்திரி சேர்ந்து, பகலில் கரைந்து நாள் கணக்கை வைத்திருக்கிறது என்று காட்டியதற்குத்தான் பரிசு. இதில் 7 மணி எங்கே வந்தது?

கோபி வாய்க்கால்:
தம்பி, எங்க அப்பாரு விளக்கு வைக்கிற நேரத்துக்கு ராகிக் களியும் கீரையும் தின்றுவிட்டுப் படுத்துவிடுவார். கடைசி வரை சர்க்கரை மாத்திரை தொட்டதில்லை. ராத்திரி தூக்கத்துக்கான மெலட்டோனின் என்ற ஹார்மோன் ஏறும்போது கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். காலையில் தின்ற அதே இட்லியை ராத்திரி தின்றால் சர்க்கரை கூடுதலாக ஏறும். இதுவும் பொய்யா?

சோமனூர் தறிக்காரன்:
ஏறும். இல்லையென்று யார் சொன்னது? நான் கேட்டது 7 மணி. மெலட்டோனின் படுக்கிற நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி முன்னால்தான் ஏற ஆரம்பிக்கும். 9 மணிக்குப் படுக்கிறவருக்கு ஒரு கணக்கு, நள்ளிரவில் படுக்கிறவருக்கு வேறு கணக்கு. உங்க அப்பாரு படுத்த நேரத்தை ஊருக்கே சட்டமாக்காதீங்க. எங்க தறிக்குடோனில் ராத்திரி 8 மணிக்கு ஷிப்ட் மாறும். 7 மணிக்குச் சாப்பிட்டுவிட்டு விடியும் வரை வெறும் வயிற்றோடு தறிக்கு நடுவில் நடக்கச் சொல்கிறீர்களா?

ஈரோடு செவிலி:
சண்டைக்கு முன்னால் ஒன்று. "தாமதம்" என்றால் கடிகாரப்படியா, அவரவர் தூங்குகிற நேரப்படியா? அதை முடிவு செய்துவிட்டுப் பேசலாமே. மூளையில் இருக்கிற கடிகாரம் கண்ணில் படும் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. கல்லீரலில் இருக்கிற கடிகாரம் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்தும் நகரும். அது ஒரு பக்கம் இது ஒரு பக்கம் இழுத்தால்தான் சிக்கல். 2012இல் அமெரிக்காவில் சச்சின் பாண்டா என்ற ஆய்வாளரின் குழு எலிகளுக்கு ஒரே கொழுப்புத் தீனியைக் கொடுத்துப் பார்த்தது. 8 மணி நேரத்துக்குள் மட்டும் தின்ற எலிகள், எந்நேரமும் தின்றவை அளவுக்குக் கொழுக்கவில்லை. கலோரி ஏறக்குறைய ஒன்றேதான்.

கோபி வாய்க்கால்:
அப்படிச் சொல்லுங்க அம்மணி. எலிக்கே தெரிகிறது, தறிக்காரருக்குத் தெரியவில்லை.

சோமனூர் தறிக்காரன்:
எலி ராத்திரியில் தின்கிற பிராணி அண்ணா! அந்த 8 மணி நேரமே ராத்திரிதான். உங்க சட்டப்படி அத்தனை எலியும் கொழுத்திருக்க வேண்டும். மறுபடியும் கேட்கிறேன், 7 மணி எங்கே?

கோபி வாய்க்கால்:
ஸ்பெயினில் 420 பேரை வைத்துப் பார்த்து 2013இல் வெளியிட்டார்கள். பொழுது தள்ளிச் சாப்பிட்டவர்களுக்கு எடை குறைந்தது குறைவு.

சோமனூர் தறிக்காரன்:
அது மதியச் சாப்பாடு! 3 மணிக்கு முன்னா பின்னா என்று பிரித்த ஆய்வு. அங்கே ராத்திரிச் சாப்பாடே 9, 10 மணிக்குத்தான். தலைப்பை மட்டும் படித்துவிட்டு வருவது உங்களுக்குப் புதிதில்லை. போன மாதம் நாட்டுச் சர்க்கரை தின்றால் சர்க்கரை நோயே வராது என்று எழுதியதும் நீங்கள்தானே? சரி, சீனாவில் குவாங்சோ நகரில் 139 பேரை வைத்துச் செய்த ஆய்வு, 2022. எல்லோருக்கும் கலோரி குறைப்பு ஒன்றே. பாதிப் பேர் காலை 8 முதல் மாலை 4க்குள் முடித்துவிட வேண்டும். ஒரு வருடம் கழித்து எடையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 4 மணிக்கே இந்தக் கதி, உங்க 7 மணி என்ன செய்யும்?

திருப்பூர் செக்கிங்:
நேரத்தை விடுங்க. தட்டில் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லையே. நைட் முடிந்து தள்ளுவண்டியில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றித் தின்கிறோம். அதற்குப் பதிலாகக் கொள்ளுப் பருப்பும் ரசமும் வைத்தால் கொழுப்பு தானாகக் கரையும். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று சும்மாவா சொன்னார்கள்?

ஈரோடு செவிலி:
கொள்ளு கரைக்காது. அதில் புரதமும் நாரும் இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், அவ்வளவுதான். காய், பருப்பை முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசியில் வைத்துக்கொண்டாலும் ஏற்றம் குறைகிறது. அப்புறம் தறிக்கார அண்ணாவுக்கு. எடை ஒன்றுதான் கணக்கா? அமெரிக்காவில் 19 பேரை ராத்திரி வேலை மாதிரியே விழிக்க வைத்து 2021இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. ராத்திரியில் சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை அளவு ஏறியது, பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு ஏறவில்லை.

கோபி வாய்க்கால்:
இப்போது என்ன சொல்லப் போகிறீர்கள், தறிக்காரரே?

சோமனூர் தறிக்காரன்:
அந்த 19 பேரும் அறைக்குள் இருந்தவர்கள். பாவு நூல் பிணைக்கவில்லை, நூல் சுற்றிய பீம் தூக்கவில்லை. குடோனில் ராத்திரி 1 மணிக்குத் தூக்குப்போசியைத் திறந்து பாருங்கள். சோற்றின் மேல் பஞ்சு வந்து படியும். மூடியைப் பாதி திறந்து கையை உள்ளே விட்டுத்தான் பிசைந்து தின்கிறோம். அந்தச் சோறும் இல்லையென்றால் விடிகாலையில் கை நடுங்கி நூல் எடுக்க முடியாது. கோபிப் பக்கம் கொடிவேரி அணைத் தண்ணீர் வாசல் வரைக்கும் வருகிறவர்கள் பொழுதோடு படுக்கலாம். எங்க காடு காய்ந்துதான் தறிக்கு வந்தோம்.

கோபி வாய்க்கால்:
வாய்க்காலை ஏன் இழுக்கிறீர்கள்? ராத்திரி மடை திருப்பப் போகிறவன் தூங்குகிறானா? ஊரைச் சுற்றிக் கோழிப் பண்ணை வைத்து, பிராய்லர் தின்று கெட்டுப்போனது நீங்கள். பழியை எங்க தண்ணீர் மேல் போடாதீங்க.

திருப்பூர் செக்கிங்:
பிராய்லரில் புரதம் இல்லையா? அதையும் நேரத்தையும் ஏன் குழப்புகிறீர்கள்?

சோமனூர் தறிக்காரன்:
பிராய்லரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ராத்திரி மடை திருப்புகிறவர் 7 மணிக்கே சாப்பிட்டுவிட்டுத்தான் போகிறாரா? அதைச் சொல்லுங்க முதலில்.

கோபி வாய்க்கால்:
போகிறார். 7 மணிதான், மாற்றமில்லை. நாட்டுச் சர்க்கரையைப் பற்றி எழுதியதிலும் மாற்றமில்லை, அதில் இரும்புச் சத்து இருக்கிறது.

சோமனூர் தறிக்காரன்:
இரும்பு இருந்தால் அதிலிருக்கிற சுக்ரோஸ், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருக்கிற அதே இனிப்பு, போய்விடுமா? கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரைச் சந்தையில் எடை போட்டு வாங்குவது எதை?